அன்எம்ப்ளாய்மென்ட் நீட்டிப்பு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவில் வேலை போன நம்மவர்கள் பலர், அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை போனவர்களுக்கு மாநிலம் சில மாதங்களுக்கு வாராவாரம் தரும் காப்பீட்டுத் தொகை) பற்றி, "வாரங்கள் தீரப் போகின்றன, நீட்டிப்பு உண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நியூஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில், வேலை தேடுகிறவர்களுக்கு உதவும் மேஜையில் 2009 முதல் வாரம் இரண்டு மாலை உட்காருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் கிளெய்ம் (அந்தத் தொகைக்கான விண்ணப்பம்) போடுகிறவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை நேரில் பார்த்துப் பழகியவள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எடிசன், நியூஜெர்சி: அக்கா, லே-ஆஃப் ஆகி ஐந்து மாதம் தாண்டிவிட்டது. 26 வாரம் முடிய இன்னும் மூன்று வாரம்தான். நீட்டிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீட்டிப்பு என்ற ஒரே சொல்லை நாம் மூன்று விஷயங்களுக்குச் சொல்கிறோம்.

ஒன்று, உங்கள் கணக்கிலேயே மிச்சமிருப்பது. 26 வாரம் என்பது அடிப்படையில் ஒரு பணக் கணக்கு. வாரத் தொகையை வாரங்களால் பெருக்கி ஒரு மொத்தத்தை உங்கள் பெயரில் ஒதுக்குகிறார்கள். கிளெய்ம் போட்ட நாளிலிருந்து 52 வாரத்துக்குள் அதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு மாதம் எங்காவது வேலை பார்த்திருந்தால் அந்த மாதத்துப் பணம் எங்கும் போகாது, பின்னால் நிற்கும். மாநில இணையதளத்தில் உங்கள் பக்கத்தில் உள்நுழைந்து மிச்சத் தொகையைப் பாருங்கள். வாரத்தை எண்ண வேண்டாம், டாலரை எண்ணுங்கள்.

இரண்டாவது, மாநிலத்தில் வேலையின்மை ஒரு கோட்டைத் தாண்டும்போது திறக்கும் நீட்டிப்பு. இதற்கு 1970-ல் போட்ட நிரந்தரச் சட்டம் இருக்கிறது. மூன்றாவது, பொருளாதாரம் படுத்துவிடும்போது அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டுத் தருவது. 2008-ல் வந்தது, 2020-ல் வந்தது. அந்தக் கடைசித் தொகுப்பு 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி முடிந்தது.

ஆக, இரண்டாவதும் மூன்றாவதும் நீங்கள் கேட்டு வாங்குவதல்ல. உங்கள் நிலைமை எவ்வளவு மோசம் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மாநிலத்தின் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். மத்தியத் தொழிலாளர் துறை எந்த மாநிலத்தில் கதவு திறந்திருக்கிறது என்ற அறிவிப்பை வாராவாரம் வெளியிடுகிறது. திறந்தால், தகுதி உள்ளவர்களுக்கு மாநிலமே தெரிவிக்கும். அதனால் முகவரி மாறியிருந்தால் இன்றே சரி செய்யுங்கள். கடிதம் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போய்க் கெடு தவறிய கதைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

டாலஸ், டெக்சஸ்: எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேருக்கு வேலை போயிருக்கிறது. அப்படி இருந்தும் நீட்டிப்பு இல்லை என்கிறார்கள். எந்தக் கணக்கில்தான் முடிவு செய்கிறார்கள்?

இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம்.

இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதலாவது, வழக்கமான மாநிலத் தொகையை இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்கள், காப்பீட்டுக்குள் வரும் மொத்தத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் என்பது. அதன் 13 வார சராசரி குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும். அது போதாது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதே காலத்தில் இருந்ததைப் போல 120 சதவீதமாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, செய்தியில் வரும் வழக்கமான வேலையின்மை விகிதம். அதன் மூன்று மாத சராசரி 6.5 சதவீதம் தொட்டு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றைவிட 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் திறக்கும். ஆனால் இந்த இரண்டாவது அளவுகோல் மாநிலத்தின் விருப்பம். அதைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாநிலத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதல் அளவுகோலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்கள்." உங்கள் 26 வாரம் தீர்ந்த மறுநாள் நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. வேலை கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் தொகை தீர்ந்து வெளியே விழுந்தால், அந்த விகிதம் குறையும். நிலைமை தேறிவிட்டதுபோல் தாள் காட்டும். நீட்டிப்பு யாருக்குத் தேவையோ அவர்களை எண்ணாமல் விட்டுவிட்டு நீட்டிப்பு வேண்டுமா என்று முடிவு செய்கிறோம். இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றுதான் நான் நினைக்கிறேன்.

120 சதவீத ஒப்பீட்டிலும் இதே சிக்கல்தான். மூன்று ஆண்டு தொடர்ந்து மோசமாகவே இருந்தால், இந்த ஆண்டு போன ஆண்டைவிட மோசமில்லை என்று ஆகிவிடும், கதவு மூடிவிடும். 2010 டிசம்பரில் இதைத் தற்காலிகமாகச் சரிசெய்தார்கள், மூன்று ஆண்டுகளோடு ஒப்பிடலாம் என்று. பிறகு பழையபடி இரண்டுக்கே வந்துவிட்டது.

திறந்தாலும் கிடைப்பது உங்கள் வழக்கமான வாரங்களில் பாதி, அதிகபட்சம் 13. இரண்டாவது அளவுகோலை ஏற்ற மாநிலத்தில் விகிதம் 8 சதவீதம் தாண்டினால் மொத்தம் 20 வரை போகும். அப்புறம், நீட்டிப்பில் இருக்கும்போது வேலை தேடும் விதி இறுகும். பழைய சம்பளம், பழைய பதவி என்று காத்திருக்க முடியாது. உங்களால் செய்யக்கூடிய வேலை, வாரத் தொகையைவிடக் கூடுதல் சம்பளம் என்றால், மறுத்தவர் தொகையை இழக்கலாம்.

சான் ஹோசே, கலிபோர்னியா: 2010-ல் என் மாமா 99 வாரம் வாங்கினார். நமக்கு மட்டும் ஏன் 26-ஓடு கதவைச் சாத்துகிறார்கள்?

மாமாவுடைய 99 வாரக் கணக்கு இதுதான்: வழக்கமானது 26. 2008 ஜூன் 30-ஆம் தேதி கையெழுத்தான அவசரச் சட்டம் வளர்ந்து வளர்ந்து நான்கு படியாகி 20, 14, 13, 6 என 53 வாரம் கொடுத்தது. 1970 சட்டப்படி 20. எல்லாம் சேர்த்து 99. அதுவும் வேலையின்மை மிக அதிகமாக இருந்த மாநிலங்களில்தான்.

ஒரு விஷயம் அப்போது கற்றேன். அந்த அவசரச் சட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. தேதி நெருங்கும்போதெல்லாம் வாஷிங்டனில் இழுபறி. 2010 ஜூன் தொடக்கத்தில் காலாவதியாகி, ஜூலை 22-ஆம் தேதிதான் திரும்ப வந்தது. நடுவில் ஏழு வாரம், இருந்த படி தீர்ந்தவர்களுக்கு அடுத்த படிப் பணம் இல்லை. சட்டம் வந்தபோது அந்த ஏழு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் மேஜைக்கு வந்த இருவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார்கள். ஒருவர் பணம் வராவிட்டாலும் ஞாயிறுதோறும் சர்ட்டிஃபை (இந்த வாரமும் வேலையில்லை, தேடுகிறேன் என்று உறுதி சொல்வது) செய்துகொண்டே இருந்தார், நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அவருக்கு நிலுவை சீக்கிரம் வந்தது. இன்னொருவர் "எதற்கு வீண் வேலை" என்று விட்டுவிட்டார். அவர் ஒவ்வொரு வாரமாக விளக்கம் சொல்லி, வேலை தேடிய விவரம் கொடுத்து, ஆடி போய் ஆவணி போய்த்தான் வாங்கினார்.

அந்தத் திட்டம் 2013 டிசம்பர் 28-ஆம் தேதி நின்றது. ஒரே நாளில் சுமார் 13 லட்சம் பேருக்கு வருமானம் நின்றது, கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். அந்த ஜனவரியில் எங்கள் நூலகத்தில் நாற்காலி போதவில்லை.

இன்று ஏன் இல்லை என்றால், நாடு முழுக்கச் சரிவு வந்தால்தான் அப்படிச் சட்டம் போடுகிறார்கள். ஒரு துறை மட்டும் அடிவாங்கினால், அது ஐ.டி.யாக இருந்தாலும், நாட்டு விகிதம் அசையாது.

ஷார்லட், வட கரோலினா: எனக்கு 12 வாரம் என்று கடிதம் வந்திருக்கிறது. தவறா, மேடம்?

தவறில்லை அம்மா. 26 என்பது பெரும்பாலான மாநிலங்களின் வழக்கம், நாட்டுச் சட்டமல்ல. உங்கள் மாநிலமும் ஃபுளோரிடாவும் 2008 சரிவுக்குப் பிறகு வெட்டிவிட்டன. இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. 1970 சட்ட நீட்டிப்பு வழக்கமான வாரத்தில் பாதிதானே? 12-ல் பாதி ஆறு. மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே செலவைத் திட்டமிடுங்கள்.

ஹூஸ்டன், டெக்சஸ்: என் கணவர் ஊபர் ஓட்டுகிறார், நான் வீட்டில் பரதநாட்டியம் சொல்லித் தருகிறேன். 2020-ல் எங்கள் இருவருக்கும் வந்தது. இப்போது ஏன் "தகுதியில்லை" என்கிறார்கள்?

2020 மார்ச் 27-ஆம் தேதிச் சட்டத்தில் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்றே தனித் திட்டம் இருந்தது. முதலில் 39 வாரம், கடைசியில் 79 வரை போனது. அதற்கு மேல் எல்லோருக்கும் வாரம் 600 டாலர், பிறகு 300. அது அந்தக் காலத்துக்கு மட்டும். வழக்கமான காப்பீடு, முதலாளி உங்கள் பெயரில் வரி கட்டிய சம்பளத்துக்குத்தான். உங்களில் யாருக்காவது கடந்த ஒன்றரை ஆண்டில் சம்பளச் சீட்டு வந்த வேலை இருந்திருந்தால் மட்டும் போட்டுப் பாருங்கள்.

பெயர் வேண்டாம், நியூஜெர்சி: எச்-1பி வேலை விசாவில் இருந்தேன், போன வாரம் வேலை போனது. வாங்கினால் கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா?

இரண்டு கேள்வியையும் பிரித்துக்கொள்வோம். கிரீன் கார்டு பயம் தேவையில்லை. இது காப்பீடு; அரசைச் சார்ந்து வாழ்பவரா என்று பார்க்கும்போது இதை எண்ணுவதில்லை.

கிடைக்குமா என்பதுதான் சிரமம். "இன்று அழைத்தால் வேலைக்குப் போக அனுமதி உண்டா?" என்று மாநிலம் கேட்கும். எச்-1பி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது என்பதால் பல இடங்களில் மறுக்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர், எச்-4 (எச்-1பி-காரரின் துணைவர்) வேலை அனுமதி உள்ளவர், எல்-2 துணைவர் (கம்பெனி மாற்றலில் வந்தவரின் கணவர் அல்லது மனைவி) ஆகியோர் நிலை வேறு. சம்பளம் போதுமான அளவு இருந்தால் அவர்கள் தயங்காமல் போடலாம். உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வேலை போன பின் இங்கே தங்க உள்ள அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) அதற்குள் முடிந்தால் அதுவரைதான். படிவத்தில் விசா பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு குடிவரவு வக்கீலை இந்த வாரமே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

பிஸ்கட்டவே, நியூஜெர்சி: அக்கா, அம்மாவுக்கு ஆபரேஷன், மூன்று வாரம் மதுரை போகிறேன். அங்கிருந்தே லேப்டாப்பில் சர்ட்டிஃபை செய்துவிடலாமா?

செய்யாதீர்கள். அந்த மூன்று வாரம் நீங்கள் இங்கே வேலைக்குத் தயாராக இல்லை, அதுதான் அடிப்படை விதி. வெளிநாட்டு இணைய முகவரி அவர்களுக்குத் தெரியும். பொய்ச் சான்று என்று பதிவானால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அபராதம் போடுவார்கள், அடுத்த வாரங்களும் போகும். ஆனால் கவலை வேண்டாம், மேலே சொன்னதுபோல் அந்தப் பணம் கணக்கில் நிற்கும். திரும்பி வந்த வாரம் கிளெய்மை மறுபடி திறங்கள். அம்மாவை நிம்மதியாகக் கவனித்துவிட்டு வாருங்கள்.

ஜெர்சி சிட்டி: மளிகைக் கடையில் பகுதி நேரம் கூப்பிடுகிறார்கள், வாரம் 250 டாலர். போனால் எல்லாம் நின்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

நிற்காது. நியூஜெர்சி கணக்கு இப்படி: உங்கள் வாரத் தொகை 500 என்றால் அதோடு 20 சதவீதம் சேர்த்து 600. அதில் சம்பாதித்த 250-ஐக் கழித்தால் 350. அது உங்களுக்கு வரும். மொத்தம் 600 கையில். வாங்காத 150 கணக்கில் நிற்பதால் வாரங்களும் நீளும். வாஷிங்டன் தராத நீட்டிப்பை நீங்களே உண்டாக்கிக்கொள்ளும் வழிகளில் இது ஒன்று. வரிபிடிப்புக்கு முந்தைய சம்பளத்தை, வேலை செய்த வாரத்திலேயே சொல்லுங்கள். காசோலை வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

இருவர் கேட்டது: இதற்கு வரி உண்டா? "உங்கள் நீட்டிப்பு அனுமதிக்கப்பட்டது" என்று வந்த மெசேஜை நம்பலாமா?

மத்திய வருமான வரி உண்டு, 10 சதவீதம் பிடிக்கச் சொல்லிவிடுங்கள். நியூஜெர்சி, பென்சில்வேனியா, கலிபோர்னியா மாநில வரி போடுவதில்லை. மெசேஜில் வந்த லிங்கைத் தொடாதீர்கள். எந்த மாநிலமும் நீட்டிப்புக்குக் கட்டணம் கேட்பதில்லை.

பிலடெல்ஃபியா: மாமனார் "அரசாங்கத்துக் காசு வாங்கிச் சாப்பிடலாமா" என்கிறார். என் கணவர் அதனால் கிளெய்மே போடாமல் இருக்கிறார்.

மாமனாரிடம் பழைய சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். பென்சில்வேனியாவிலும் நியூஜெர்சியிலும் அலாஸ்காவிலும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே இதற்குப் பிடிக்கிறார்கள், சீட்டில் அந்த வரி தெரியும். மிச்சம் முதலாளி கட்டியது. கணவர் பல ஆண்டு கட்டிய பாலிசி இது. வீடு எரிந்தால் காப்பீடு கேட்க வெட்கப்படுவாரா? இந்த வாரமே போடச் சொல்லுங்கள். கிளெய்ம் பெரும்பாலும் போட்ட வாரத்திலிருந்துதான் தொடங்கும், கடந்த வாரங்கள் சுலபத்தில் திரும்பி வராது.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா: இன்னும் பத்து வாரம் மிச்சம். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வேறு வழியே இல்லையா?

ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சியில் சேர்ந்தால் சில மாநிலங்கள் கூடுதல் வாரங்கள் தருகின்றன. நியூஜெர்சியில் 26 வரை உண்டு. கலிபோர்னியாவிலும் உண்டு, ஆனால் 16-வது வாரத் தொகை வாங்குவதற்குள் கேட்டிருக்க வேண்டும். 26-ல் பத்து மிச்சமென்றால் நீங்கள் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். நாளைக் காலை முதல் வேலையாக அழைத்து, "பயிற்சி நீட்டிப்புக்கு நான் எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்துக் கடிதம் வந்தால் கலிபோர்னியாவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்; அந்த 30 நாளும் சர்ட்டிஃபை செய்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.