அதிகாரி வந்தார், போனார்

ஐயா வணக்கம்,

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கையிலும் முதுகிலும் அடிக்கடி தழும்பு. கேட்டால் "விழுந்துட்டேன் ஆன்ட்டி" என்பான். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் போனில் புகார் சொன்னோம். இரண்டு நாள் கழித்து சமூகநல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அம்மாவிடம் பேசினார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். பையன் அதே வீட்டில்தான் இருக்கிறான். அந்த வீட்டார் இப்போது எங்கள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்களுக்கு எதற்குச் சம்பளம்? இனி யார் புகார் கொடுப்பார்கள்?

பெயர் வேண்டாம், செந்தூல்

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கொடுக்க வேண்டும், மறுபடியும் கொடுக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு போவதற்கு அதிகாரம் இருக்கிறது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் இந்த அதிகாரிக்குப் பாதுகாவலர் என்று பெயர். தக்க காரணம் இருந்தால் அவரோ போலீஸ்காரரோ பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். ஆனால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள். தழும்பு எப்படி வந்தது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பாட்டியோ மாமாவோ பார்த்துக்கொள்ள முன்வருவார்களா என்று எல்லாவற்றையும் அதிகாரி விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். சரியாகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் பத்திரம் வாங்கிக்கொண்டு விடுவதா, தகுந்த ஒருவரிடம் ஒப்படைப்பதா, சிறார் இல்லத்துக்கு அனுப்புவதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதும் ஒரு காயம்தான். அதனால் முதல் வருகையிலேயே தூக்கவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. அவர் என்ன எழுதினார் என்பதை உங்களிடம் சொல்லவும் அவருக்கு உரிமை கிடையாது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அவர் திரும்பி வந்தாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வரவில்லை போலிருக்கிறது. பிள்ளை பாதுகாப்பு என்பதே அந்த இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது வருகைதான். முதல் தடவை அம்மா பயத்தில் பேசுவார். மூன்றாவது தடவைதான் கணவர் குடிக்கிறார், வாடகை பாக்கி என்றெல்லாம் வெளியே வரும்.

அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தைப் பாருங்கள். மாத உதவித்தொகை விண்ணப்பம் அங்கே, மாற்றுத்திறனாளி அட்டை அங்கே, கைவிடப்பட்ட முதியவர் அங்கே. மழை அடித்து வெள்ளம் வந்தால் நிவாரண மையத்தை நடத்துவதும் அவர்கள்தான். இதற்கு நடுவில் பையனின் கோப்பு. அப்புறம் இடமாற்றம். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், பையனும் தெரியாத ஒருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம்தான் அவன் சொல்வான்?

2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 சிறார் இல்லங்களில் போலீஸ் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்டது நினைவிருக்கும். பத்திரிகைகள் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டன. அந்த 402 பேரில் ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சோதனை, வாக்குமூலம், படுக்க இடம், கோப்பு. அந்த வாரங்களில் மற்றப் பிள்ளைகளின் கோப்புகளை யார் திறந்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நம் நாட்டில் சட்டம் வேகமாகவே வரும். 1990இல் கோலாலம்பூரில் ஒரு சின்னக் குழந்தை கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தது, மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016இல் சிறார் சட்டத்தைத் திருத்தியபோது கொடுமைக்குத் தண்டனை 20 ஆண்டு வரை சிறை, 50,000 வெள்ளி வரை அபராதம் என்று உயர்ந்தது. 2017இல் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம். ஆனால் இந்த வேலையைச் செய்கிறவருக்கு என்ன தகுதி வேண்டும், யார் உரிமம் கொடுப்பது என்று சொல்லும் சமூகப் பணியாளர் சட்டத்துக்கு 2010இல் அமைச்சரவை கொள்கையளவில் சரி சொன்னதோடு இழுபறி தொடங்கிவிட்டது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975இலிருந்து சமூகப் பணி கற்றுக்கொடுக்கிறது. படித்தவர் அருமை தெரிந்திருந்தால் அந்த மசோதா இவ்வளவு காலம் அலமாரியில் தூங்கியிருக்காது.

நம்மவர்களையும் சொல்ல வேண்டும். மகள் சமூகப் பணி படிக்கிறேன் என்றால் "அதுல என்னம்மா சம்பளம்?" என்று கேட்டு நர்சிங்குக்கோ கணக்குக்கோ அனுப்பிவிடுகிறோம். பிறகு தமிழ் மட்டும் சரளமாகப் பேசும் பையன் வீட்டுக்குத் தமிழ் தெரியாத அதிகாரி வரும்போது, மொழிபெயர்க்க யார் முன்வருகிறார்? சித்தப்பா. சில வேளை அடித்தவரே. பிறந்தநாளுக்கு இல்லத்தில் பிரியாணி போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு (எனக்கு அதைப் பார்த்தாலே கூச்சம்). வளர்ப்புக் குடும்பமாகப் பதிய வாருங்கள் என்றால் மண்டபம் காலியாகிவிடும்.

சரி, உங்கள் பையன். புகார் சொல்வதற்கான அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே, எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். முதல் புகார் கொடுத்த தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகு பார்த்தவற்றைச் சொல்லுங்கள்: எந்த நாள், உடம்பில் எந்த இடம், அவன் என்ன சொன்னான். "அடிக்கடி அடிக்கிறார்கள்" என்பதைவிட "செவ்வாய்க்கிழமை மாலை இடது தோளில் பெல்ட் தடம்" என்பது அதிகாரிக்குப் பயன்படும். தகவல் கொடுத்தவரைக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. கண்முன்னே அடி விழுந்தால் காத்திருக்காமல் 999. பள்ளியில் வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை போடுங்கள், வாரத்தில் ஐந்து நாள் அவனைப் பார்ப்பவர் அவர். காயம் இருக்கும்போது கிளினிக்குக்குப் போனால், சந்தேகம் வந்த மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

அந்த அதிகாரி மறுபடி வந்தால் கோபத்தைக் காட்டாதீர்கள். பையனைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த ஒருவரை அலுவலகத்திலிருந்தே கூட்டிவர முடியுமா என்று கேளுங்கள். சித்தப்பா பேசட்டும் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.