காது மெஷின்ல இருந்து காக்ளியர் வரைக்கும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். எனக்கு இடது காதுல மெஷின், வலது காதுல காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல பொருத்துற கருவி. நான் டாக்டர் இல்ல, ஆனா ரெண்டையும் மாட்டிக்கிட்டு பல வருஷமா வாழுறேன், படிச்சதும் பட்டதும் நிறைய இருக்கு.

கேள்வி: அண்ணா, அப்பாவுக்கு 68 வயசு. சத்தம் கேக்குது, ஆனா பேசுறது புரியலங்கிறாரு. சரின்னு உரக்க பேசினா "ஏன் கத்துற"ன்னு கோவப்படுறாரு. நெஜமாவே கேக்கலையா, இல்ல கவனிக்கலையா?

நெஜமாத்தான் தம்பி, அவர் சொல்ற ரெண்டுமே உண்மை. உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருக்குல்ல காக்ளியா, அதுல பொறக்கும்போது ஒரு காதுக்கு சத்தத்த நரம்புக்கு சிக்னலா மாத்துற முடி செல் சுமார் 15,000 இருக்கும், செத்துட்டா திரும்ப முளைக்காது. கீச்சுன்னு இருக்கிற சத்தத்த பிடிக்கிற செல்லெல்லாம் வாசல் பக்கமே இருக்கு, வயசாகும்போது பெரும்பாலும் அதுதான் முதல்ல போகும். பேச்சுல ஆ, ஓ மாதிரி உயிரெழுத்தெல்லாம் கனமான சத்தம், கேட்டுரும். ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்தெல்லாம் மெலிசு, அதுதான் காணாமப் போறது. அப்ப தட்டு, பட்டு, கட்டு மூணும் அவர் காதுல ஒண்ணாத்தான் விழும், எதுன்னு ஊகிச்சு ஊகிச்சே சாயங்காலத்துக்குள்ள மனுஷன் களைச்சுப் போயிருவாரு.

கத்தினா ஏன் கோவம்னா, சின்ன சத்தம் கேக்காதே தவிர பெரிய சத்தம் நமக்கு எவ்வளவு பெருசோ கிட்டத்தட்ட அவருக்கும் அவ்வளவு பெருசு, நடுவுல இருக்கிற இடம்தான் குறுகிப் போச்சு. எதிர்ல வந்து, முகம் தெரியிற வெளிச்சத்துல, நிதானமா பேசுங்க. புரியலன்னா வேற வார்த்தைல சொல்லிப் பாருங்க. "ஒண்ணுமில்ல விடு"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, அது எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும். ஆடியோகிராம்னு காது கேக்குற டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டா கனமான சத்தமா கீச்சு சத்தமா, எதுல எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெளிவா தெரிஞ்சிரும்.

கேள்வி: பாட்டிக்கு மெஷின் வாங்கி மூணு மாசம் ஆச்சு, டப்பாலயே கிடக்கு. ஒரே இரைச்சல்ங்கிறாங்க, இடையில கீ...ன்னு விசில் வேற.

விசில்னா ஒண்ணு காதுல அழுக்கு அடைச்சிருக்கும், இல்ல காதுக்குள்ள மாட்டுற அச்சு லூசா இருக்கும், ரெண்டுமே சரி பண்ணிரலாம். இரைச்சல் கதை வேற. பல வருஷமா ஃபேன் சத்தம், பாத்திர சத்தம் எதுவுமே மூளைக்குப் போகல, திடீர்னு எல்லாம் ஒண்ணா வந்தா மூளை எத ஒதுக்கணும்னு தெரியாம திணறும். அமைதியான ரூம்ல, ஒருத்தர் கூட மட்டும் பேசுற மாதிரி தினம் கொஞ்ச நேரம் போடச் சொல்லுங்க, நாளுக்கு நாள் நேரத்த கூட்டுங்க. என் முதல் மெஷினும் இப்படித்தான் அலமாரில தூங்குச்சு, கொடுத்தவர் பத்து நிமிஷத்துல டியூன் பண்ணி அனுப்பிட்டாரு, நானும் மெஷினே இப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன். அப்புறம் வேற ஒரு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன சோதிச்சு மெஷின் செட் பண்றவங்க) காதுக்குள்ள மெல்லிசா ஒரு மைக் குழாய் விட்டு செவிப்பறை பக்கத்துல நெஜமா எவ்வளவு சத்தம் வருதுன்னு அளந்து செட் பண்ணாங்க, அன்னைக்குத்தான் என் பொண்ணு பேசுறது முழுசா புரிஞ்சது. அதுக்கு ரியல் இயர் மெஷர்மென்ட்னு பேரு, கேட்டு வாங்குங்க. ஒரு தடவைல முடியாது, திரும்பத் திரும்ப போகணும்.

கேள்வி: பேட்டரி சீக்கிரமே தீர்ந்துடுது ப்ரோ.

ஜிங்க் ஏர் பேட்டரினா ஸ்டிக்கர உரிச்சதும் காத்து உள்ள போய்தான் வேலை செய்யும், உரிச்சு ரெண்டு நிமிஷம் வெளிய வச்சுட்டு அப்புறம் போடுங்க. ராத்திரி மெஷினோட பேட்டரி கதவ திறந்து வைங்க. சைஸ் நம்பருக்கு ஏத்த ஸ்டிக்கர் கலர் மாறாம வாங்குங்க: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது, முழுங்கிட்டா ஆபத்து.

கேள்வி: நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து வலது காது அடைச்ச மாதிரி இருக்கு, சளியா இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் பாக்கலாமா?

வேணாம், இன்னைக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க. வெறும் அழுக்காவோ சளியாவோ இருந்தா நிம்மதியா திரும்பி வருவீங்க. ஆனா 72 மணி நேரத்துக்குள்ள திடீர்னு நரம்பு சம்பந்தமா கேட்கும் திறன் குறையிற பிரச்சினை ஒண்ணு இருக்கு, அதுக்கு ஸ்டீராய்டு மருந்து முதல் ரெண்டு வாரத்துக்குள்ள கொடுத்தாத்தான் பலன் அதிகம். நாள் ஓட ஓட வாய்ப்பு குறையும். இத படிச்சு முடிச்சதும் கிளம்புங்க.

கேள்வி: அக்கா பையனுக்கு 10 மாசம். ரெண்டு காதும் சுத்தமா கேக்கல, மெஷின் போட்டும் பலன் இல்ல. காக்ளியர் இம்ப்ளான்ட் சொல்றாங்க. வீட்ல பெரியவங்க அவன் வளரட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க.

இதுல காத்திருக்கிறதுதான் நஷ்டம்மா. மெஷின் சத்தத்த பெருசாக்கும், ஆனா வாங்கிக்க முடி செல் இருக்கணும். இம்ப்ளான்ட் அந்த செல்ல தாண்டி நரம்பையே நேரா தூண்டுது: வெளிய மைக்கும் ப்ராசஸரும், தோலுக்கு மேல காந்தத்துல ஒட்டுற ஒரு காயில், உள்ள ஒரு ரிசீவர், காக்ளியாக்குள்ள போற மெல்லிய எலக்ட்ரோட் வரிசை. 1978ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல கிரேம் கிளார்க்ங்கிற டாக்டர் பல சானல் கருவிய (நரம்ப பல இடத்துல தனித்தனியா தூண்டுறது) பொருத்தினதுதான் இன்னைக்கு இருக்கிறதுக்கு வழி. இப்ப பெரும்பாலும் 22 எலக்ட்ரோட் வரைக்கும் வருது, ஆயிரக்கணக்கான செல்லோட வேலைய இத்தன சின்ன கூட்டம் செய்யிறத நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அமெரிக்காவுல 2020ல இருந்து சில கருவிகள 9 மாசக் குழந்தைக்கே பொருத்த அனுமதி இருக்கு. காரணம் மூளை பேச்ச கத்துக்கிற காலம் முதல் சில வருஷம்தான், அது போனா திரும்பாது.

ஆனா ஆபரேஷன் முடிஞ்சதும் பேசிருவான்னு எதிர்பார்க்காதீங்க. சில வாரம் கழிச்சுதான் ஆன் பண்ணுவாங்க, அப்புறம் மேப்பிங் (ஒவ்வொரு எலக்ட்ரோடும் எவ்வளவு தூண்டணும்னு அவனுக்கு ஏத்த மாதிரி செட் பண்றது), வருஷக்கணக்கா பேச்சு தெரபி, அதுல பாதி வேலை அக்காவோட வேலை. எனக்கு ஆன் பண்ண அன்னைக்கு எல்லார் குரலும் பீப் பீப்னுதான் கேட்டுச்சு, பேச்சா மாற மாசங்கள் ஆச்சு. மூளைக்காய்ச்சல தடுக்கிற தடுப்பூசிகள டாக்டர்கிட்ட கேட்டு முன்னாடியே போட்டுருங்க. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தா உள்ள காந்தம் இருக்குன்னு முதல்லயே சொல்லணும். சைகை மொழி கத்துக்கொடுத்தா பேச்சு வராதுன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க, ஏதோ ஒரு மொழி குழந்தைக்கு முழுசா போய்ச் சேரணும், அதுதான் முக்கியம்.

கேள்வி: ஆன்லைன்ல விக்கிற சவுண்ட் ஆம்ப்ளிஃபயர் போதாதா?

அதுல பெரும்பாலானது எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்தும். உங்களுக்கு கேக்காத சத்தத்த மட்டும் ஏத்தி, பெரிய சத்தத்த அமுக்குறது நல்ல மெஷின். டெஸ்ட் பண்ணாம போடாதீங்க, மிச்சம் இருக்கிறதும் கெட்டுப்போகலாம்.

கேள்வி: மெஷின் போட்டு வீட்ல நல்லா கேக்குது, பெரிய ஹால்ல மீட்டிங்னா ஒண்ணும் புரியல.

தூரம்தான் காரணம். பேசுறவர் குரல் உங்க மைக்குக்கு வர்றதுக்குள்ள எதிரொலியும் கூட்டத்து சத்தமும் அத மூடிரும். உங்க மெஷின்ல டி காயில் (லூப் வயர்ல இருந்து வர்ற காந்த சிக்னல பிடிக்கிற சின்ன கம்பிச்சுருள்) இருக்கான்னு பாருங்க. ஹால்ல லூப் வயர் போட்டிருந்தா மேடை மைக்ல பேசுறது நேரா உங்க காதுக்கே வரும், நடுவுல ஹால் சத்தம் அவ்வளவா நுழையாது. 2022ல ஆராகாஸ்ட்னு ப்ளூடூத்ல இதே வேலைய செய்யிற முறை வந்திருக்கு, புதுசா வாங்குறவங்க அது இருக்கான்னு கேளுங்க. எதுவும் இல்லாத இடமா, முதல் வரிசைல உக்காந்து, பேசுறவர் பக்கத்துல போன வச்சு பேச்ச எழுத்தா காட்டுற ஆப்ப ஓட விடுங்க. நான் இன்னைக்கும் அப்படித்தான் செய்யிறேன்.