எந்தப் பக்கத்தைத் தாண்டலாம்? கிட் விமானம் கட்டுவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: கிட் விமானத்தோடு (பெட்டிகளில் வரும் பாகங்களை நாமே சேர்த்துக் கட்டுவது) வரும் பிளானில், அதாவது கட்டும் வழிமுறைப் பக்கங்களில், இருக்கும் வரிசையை மீறலாமா? மழைக்காலம் நெருங்கினால் இந்தக் கேள்வி வருவது வழக்கம்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வால் பெட்டி வர நாளாகும் என்கிறார்கள். இறக்கைப் பெட்டி வந்து கிடக்கிறது. அதில் ஆரம்பிக்கலாமா? (பெரம்பூர்)

ஆரம்பிக்கலாம். ஆனால் வாலை முதலில் வைத்திருப்பதே கை பழகத்தான். ருடரில் (வாலின் செங்குத்துச் சுக்கான்) நாலு துளை கெட்டால் கொஞ்சம் காசோடு போகும். ஸ்பாரில் (இறக்கையைத் தாங்கும் உத்தரம்) கெட்டால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். கழிவுத் தகட்டில் நூறு ரிவெட் (தகடுகளை இணைக்கும் தறையாணி) அடியுங்கள், அதில் பாதியைத் துளைத்தெடுங்கள், பக்கத்துத் துளை பெரிதாகாமல் எடுக்க வரும்போது இறக்கைப் பெட்டியைத் திறங்கள். ஆனால் பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதை இன்றே முடித்துவிடுங்கள். குறை சொல்லக் கெடு உண்டு.

பக்கம் 9-ஐத் தாண்டலாமா? (ராயபுரம்)

எந்த விமானம்? எந்தத் திருத்தப் பதிப்பு? ஜோசியம் எனக்குத் தெரியாது.

அடுத்த பக்கம் எரிபொருள் டேங்க் சீலன்ட் (கசிவடைக்கும் பசை). ஐப்பசி மழையில் செய்யலாமா, காத்திருப்பதா? (தண்டையார்பேட்டை)

தாண்டிப் போங்கள். டேங்க் தனி வேலை, அதற்காக மற்றவை நிற்க வேண்டாம். கலந்த சீலன்ட் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது சுமார் 25 டிகிரிக்கான கணக்கு. சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். தகரக் கொட்டகையில் மே மாத மதியம் என்றால் அரை மணி கையில் நின்றாலே அதிர்ஷ்டம். தை, மாசியில் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு ரிப்புக்கு (இறக்கையின் விலா) வேண்டியதை மட்டும் கலக்குங்கள். போகி வாரத்தில் ப்ரைமர் (அடிப்பூச்சு) வேண்டாம், ஊர்க்கரி முழுக்க அதில் ஒட்டும். தாண்டிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு, அந்தப் பாகத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வரிசையை மாற்றுவதால் யாரும் கெட்டதில்லை, மாற்றியதை மறந்துதான் கெட்டிருக்கிறார்கள்.

இறக்கையின் கீழ் ஸ்கின்னை (அடிப்பக்கத்தை மூடும் தகடு) ரிவெட் அடிக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் வீட்டில் நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்கு முழு இறக்கையாகக் காட்ட ஆசை. மூடிவிடட்டுமா? (கொளத்தூர்)

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தம்பி. அந்த ஸ்கின்னுக்குள் கையை விடப் போவது நீங்கள்.

இது எனக்குத் தீராத எரிச்சல். டீபர் செய்வதை, அதாவது துளையோரப் பிசிறு எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள், போல்ட் டார்க் (முறுக்கிய அளவு) பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். மூடுவதற்கு மட்டும் முகூர்த்தம் பார்த்தது போல ஓடுகிறார்கள், படம் எடுத்துப் போட வேண்டுமே! உள்ளே என்னென்ன போக வேண்டும் என்று எழுதிப் பார்த்தீர்களா? பிட்டாட் குழாய் (வேகம் அளக்க), விளக்கு வயருக்கான கண்டூட், ஆட்டோபைலட் சர்வோவுக்கான பிராக்கெட், பெல்கிராங்க் (அசைவைத் திருப்பிக் கடத்தும் நெம்பு) போல்ட்டுக்கு டார்க் பார்த்து வைத்த அடையாளம். சர்வோ எனக்கு வேண்டாம் என்று இன்று சொல்கிறவர்தான் நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஓட்டை வழியாக முழங்கையைக் கீறிக்கொண்டு மாட்டுவார்.

2023-ஐ மறக்க வேண்டாம். வேன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கிட்டுகளில் லேசரால் துளையிட்ட பாகங்களை டிம்பிள் செய்தபோது (ரிவெட் தலை பதியத் துளையோரத்தைக் குழித்தபோது) துளையோரம் வெடிப்பு விட்டது. மூடாமல் வைத்திருந்தவருக்கு அது பாகம் மாற்றும் வேலை. மூடியவருக்கு வரிசை வரிசையாக ரிவெட்டைத் துளைத்தெடுக்கும் வேலை, அப்புறம் பெரிதான துளைகளுக்கு வைத்தியம். பிளானில் மூடச் சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து மூடலாம் என்றுதான் அர்த்தம், அன்றைக்கே மூட வேண்டும் என்றல்ல. பெரும்பாலான உலோக இறக்கைகளில் கீழ் ஸ்கின்னைத் தள்ளிப்போட இடமுண்டு. உங்கள் கிட்டில் உண்டா என்று தயாரிப்பாளரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

அதற்காக வருடக்கணக்கில் திறந்தே போடவும் கூடாது. கீழ் ஸ்கின் இல்லாத இறக்கை லேசாக முறுக்கிக்கொள்ளும். கடைசி வரிசை அடிக்கும்போது என்ன முறுக்கத்தில் இருக்கிறதோ, அதுதான் பறக்கும்போதும் இருக்கும். ஒரு பக்கம் கனத்து இழுக்கும் விமானங்கள் இப்படியும் பிறக்கின்றன. ஸ்டாண்டை நகர்த்தாதீர்கள், இரண்டு முனையிலும் தூக்குக்குண்டு தொங்கட்டும், மூடும் நாளன்று மறுபடி அளங்கள். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. இரும்புக் கிளிகோக்களை (ரிவெட் அடிக்கும்வரை தகட்டைப் பிடிக்கும் ஊசிகள்) மாதக்கணக்கில் விட்டால் துருக்கறை அலுமினியத்தில் இறங்கும். கொஞ்சமாகக் குத்தி, பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

மூடும் முன் உள்ளே படம் எடுங்கள். ரிவெட் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்கள் கண்ணுக்கு உங்கள் தப்பு தெரியாது.

ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் ஒன்று மலிவாக வருகிறது. ஃபியூஸ்லாஜ் (விமானத்தின் உடல்) இன்னும் ஆரம்பிக்கவில்லை. வாங்கிப் போடட்டுமா? (திருவொற்றியூர்)

வேண்டாம். எந்த இன்ஜின் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், மவுன்ட்டும் (இன்ஜின் தாங்கி) ஃபயர்வாலும் (இன்ஜினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவர்) அதைப் பொறுத்தவை. வாங்குவது கடைசியில். ரப்பர் குழாய்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வாரன்டி பெட்டிக்குள்ளேயே கரையும். கடலோர வீட்டில் சும்மா கிடக்கும் சிலிண்டர் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரரிடம் நான் சொல்ல வேண்டுமா? பேனலில் வைக்கும் திரைகளுக்கும் இதே பதில்.

சென்னையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா? (வியாசர்பாடி)

ஷாக் அடிக்கும் கேள்வி. 1910-லேயே இந்த ஊரில் டி ஆஞ்செலிஸ் என்ற ஓட்டல்காரர் சிம்சன் கம்பெனியின் உதவியோடு விமானம் கட்டிப் பறந்துகாட்டினார். ஆகவே நடக்கும். அனுமதி விஷயத்தைப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள். நான் வரிசையை மாற்ற விடாத ஒரே பக்கம் அதுதான்.

எலிவேட்டரை (வாலின் கிடைச் சுக்கான்) பேலன்ஸ் செய்துவிட்டுப் பெயின்ட்டா, பெயின்ட்டுக்கு அப்புறமா? (மாதவரம்)

பெயின்ட்டுக்கு அப்புறம். பெயின்ட்டுக்கும் எடை உண்டு, அது பெரும்பாலும் கீலுக்குப் பின்னால்தான் சேரும். ஃபிளட்டர் (காற்றில் படபடத்து வலுக்கும் அதிர்வு) வந்தால் பேச நேரம் இருக்காது. இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

லேண்டிங் கியரை முன்கூட்டியே மாட்டினால் உருட்டி உருட்டி வேலை செய்யலாமே? (பழைய வண்ணாரப்பேட்டை)

மாட்டினால் ஃபியூஸ்லாஜ் உயரும், காக்பிட்டுக்குள் குனிய ஸ்டூல் போட வேண்டும், அகலமும் கூடும். உங்கள் தெருவில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டியதைக் கீழே இறக்கித்தான் 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். நீங்கள் எப்படி வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. சக்கரத்தோடு வெளியே வருமா என்று வாசலையும் தெருமுனைத் திருப்பத்தையும் அளந்து எழுதுங்கள். இறக்கையை விமானத் தளத்தில்தான் மாட்டப் போகிறீர்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.