உப்புக்காற்றில் இன்சுலேட்டர் பூச்சு: கேள்வி-பதில்

கேள்வி: மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் புதிதாக ஆர்டிவி சிலிக்கான் (அறை வெப்பநிலையிலேயே இறுகும் ரப்பர்ப் பூச்சு) பூசினோம். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. பூச்சு தேறிவிட்டதா?

பதில்: புதுப் பூச்சில் அப்படித்தான் நிற்கும். உப்பும் தூசும் படிந்த பிறகும் நிற்கிறதா என்பதே கேள்வி. சிலிக்கானிலிருந்து சிறு மூலக்கூறுகள் மெல்லக் கசிந்து, மேலே படிந்த அழுக்கையும் நீர் ஒட்டாததாக மாற்றும். இதைச் சோதிக்க, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் கயோலினும் (வெள்ளைக் களிமண்) தேவையான உப்பும் கலந்து பூசுங்கள். கலவை ஒட்டாமல் வழிந்தோடினால், முதலில் உலர்ந்த கயோலின் பொடியைப் பஞ்சால் மெல்லத் தடவி, உதிர்வதை ஊதிவிட்டுப் பிறகு பூசுங்கள். காய்ந்ததும் ஒரு முறை, நான்கு நாள் கழித்து ஒரு முறை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முதல் நாள் படலமாகப் பரவிய நீர் நான்காம் நாள் துளிகளாகப் பிரிந்தால், பூச்சு வேலை செய்கிறது.

கேள்வி: தெளிப்புச் சோதனையை ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள். சரியான முறை எது?

பதில்: சப்ளையை நிறுத்தி எர்த் செய்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். சுமார் 25 செ.மீ. தூரத்திலிருந்து, நொடிக்கு ஒன்றிரண்டு அழுத்தம் வீதம் 20–30 நொடி தெளியுங்கள். நிறுத்திய 10 நொடிக்குள் தரம் குறியுங்கள்: தனித்தனித் துளிகள் என்றால் 1, முழுப்பரப்பும் ஒரே நீர்ப்படலம் என்றால் 7. கண்ணாடி துடைக்கும் திரவம் இருந்த பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் சோப்புத்தன்மை நல்ல பூச்சையும் 6 என்று காட்டிவிடும். மழை விட்ட கையோடு எடுத்த அளவை வைத்துப் பூச்சைக் கழித்துவிடவும் வேண்டாம். ஓரிரு நாள் உலரவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். மீளாத இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: படிந்த உப்பை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 1500 ச.செ.மீ. பரப்பை 300 மி.லி. வாலைவடிநீரில் துடைத்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். நீரின் கடத்துதிறன், 20 டிகிரிக்குத் திருத்தியபின், மீட்டருக்கு 0.1 சீமென்ஸ். அதை 5.7-ஆல் பெருக்கி 1.03 அடுக்குக்கு உயர்த்தினால் 0.56. அதை 300-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால், ச.செ.மீ.க்கு 0.11 மி.கி. வெறும் பீங்கானுக்கு இது கவலைப்பட வேண்டிய அளவு. பூச்சின் மேல் இதே அளவு இருந்தாலும் நீர் பரவாதவரை ஆபத்து குறைவு. ஆகவே தெளிப்புத் தரத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: 1000 மணி நேர உப்புமூட்டச் சோதனையில் லிட்டருக்கு 10 கிராம் உப்புதானே? கடல்நீரில் 35 இருக்கிறதே.

பதில்: ஆம், 10 கிராம்தான். அது ஃபிளாஷ்ஓவர் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியாக மின்சாரம் பாய்ந்துவிடுவது) சோதனை அல்ல, அரிப்புச் சோதனை. ஈரமான உப்பில் கரன்ட் ஓடும்போது சூடேறி, குறுகிய பட்டை ஒன்று காய்கிறது. மின்னழுத்தம் முழுவதும் அங்கே குவிந்து சிறு பொறிகள் பறக்கின்றன. அந்தப் பொறியைப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிறோம். க்ரீப்பேஜ் தூரத்தை (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மேற்பரப்பை ஒட்டியே அளக்கும் நீளம்) மி.மீ.யில் எடுத்து 34.6-ஆல் வகுத்தால் கொடுக்க வேண்டிய கிலோவோல்ட் வரும், 500 மி.மீ.க்கு சுமார் 14.5. இரு முனைகளிலும் உள்ள உலோகப் பிடிகளை ஒட்டிய மெல்லிய தண்டைத்தான் முதலில் பாருங்கள், கரன்ட் நெருக்கம் அங்கேதான் அதிகம்.

கேள்வி: பழைய சிலிக்கான் கிரீஸின் மேலேயே பூசலாமா?

பதில்: கூடாது. பிடிக்காது, தோலாக உரிந்து வரும். கிரீஸை முழுக்க எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பூசுங்கள்.