‘பிள்ளைகளுக்கும்’ என்ற சொல்லின் விலை: சட்டக் கேள்வி பதில்

கேள்வி: ‘இன்னாருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும்’ என்று உயிலில் எழுதப்பட்ட ஒரே வாசகத்துக்கு, பழைய ஆங்கிலேயச் சட்டத்தில், பிள்ளை பிறந்திருந்தால் ஒரு பொருளும் பிறக்காதிருந்தால் வேறொரு பொருளும் கொள்ளப்பட்டது என்று எங்கள் பேராசிரியர் கூறினார். அது எப்படிச் சாத்தியம்?
(சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உங்கள் பேராசிரியர் குறிப்பிட்டது 1599ஆம் ஆண்டின் வைல்ட் வழக்கை, எட்வர்ட் கோக் வெளியிட்ட தீர்ப்புத் தொகுப்பின் ஆறாம் பகுதியில் அது இடம்பெற்றுள்ளது. ஒருவர் தம் நிலத்தை முதலில் ஒருவரின் ஆயுட்காலத்துக்கும், பிறகு இன்னொருவருக்கும் அவர் வயிற்று வாரிசுகளுக்கும், அதற்குப் பின் ரோலண்ட் வைல்டுக்கும் அவர் மனைவிக்கும், அவர்கள் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்கும் என்று எழுதிவைத்தார். அப்போது வைல்ட் தம்பதிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். முன்னிருந்த இருவரும் காலமாகி, அவர்களில் இரண்டாமவருக்குச் சந்ததியும் இல்லாமற்போக, வைல்டும் அவர் மனைவியும் இறந்து, அவர்களுடைய மகனும் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்தபின், அந்தப் பேத்திக்கு நிலம் சேருமா என்பதே வழக்கு.

தாத்தா பாட்டிக்குக் கிடைத்தது சந்ததி உள்ளவரை வழிவழியாக இறங்கும் உரிமை என்றால் பேத்திக்கு நிலம் உண்டு. இந்த உரிமைக்கு ஃபீ டெயில் என்று பெயர். 1285ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் நிலைபெற்றது. ஆனால் நீதிபதிகள் அவ்வாறு கொள்ளவில்லை. பெற்றோருக்கு ஆயுட்கால உரிமை, அவர்களுக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் ஆயுட்கால உரிமை, அவ்வளவுதான் என்று தீர்த்தார்கள். பேத்தி வெறுங்கையுடன் திரும்பினாள்.

இந்த முடிவுக்கு வரும் வழியில் அவர்கள் வகுத்த இரண்டு விதிகள்தாம் நீங்கள் கேட்பவை. உயில் எழுதும்போது இன்னாருக்குப் பிள்ளையே இல்லை என்று வையுங்கள். எழுதியவர் பிள்ளைகளும் பெறவேண்டும் என்று விரும்பியது வெளிப்படை. ஆனால் உலகில் இல்லாத பிள்ளை தந்தையோடு சேர்ந்து உடனே எதையும் பெற முடியாது. ‘தந்தைக்குப் பின்’ என்று எழுதப்படாததால் பின்னுரிமையாகவும் பெற முடியாது. இரண்டு வாயிலும் அடைபட்டுவிட்ட நிலையில், ‘பிள்ளைகள்’ என்பது யார் பெறுகிறார் என்பதைச் சொல்லவில்லை, தந்தை பெறும் உரிமை எவ்வளவு காலம் நீளும் என்பதையே சொல்கிறது என்று நீதிபதிகள் பொருள் கொண்டு, தந்தைக்கு ஃபீ டெயில் உரிமையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தாலோ, சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. தந்தையும் பிள்ளைகளும் கூட்டாகப் பெறுவார்கள், அதுவும் ஆயுள் வரைக்கும் மட்டுமே.

ஆயுள் வரைக்கும் என்பது ஏன் என்று கேட்பீர்கள். ‘அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்’ என்று எழுதினாலொழிய நிலம் ஒருவரின் ஆயுளைத் தாண்டிச் செல்லாது என்பது அக்காலப் பொது விதி. உயிலில் இந்த விதி சற்று இளகும். எழுதியவரின் எண்ணம் வேறு சொற்களில் தெளிவாக வெளிப்பட்டால் நீதிமன்றம் ஏற்கும். எதுவும் சொல்லாமல் விட்டால் ஆயுள்தான். வாழும்போதே எழுதிக்கொடுக்கும் பத்திரத்திலோ இந்த இளக்கமும் கிடையாது; ஆகவே பிள்ளையில்லாதவருக்கு அதே வாசகத்தில் பத்திரம் எழுதினால், அவருக்கு ஃபீ டெயில் கிடைக்காது, ஆயுட்கால உரிமையே மிஞ்சும்.

முதல் விதியின் தர்க்கத்தை நான் வியக்கிறேன். ஆனால் அது பிள்ளைகளைக் காத்தது என்று சொல்லமாட்டேன். ஏனெனில் ஃபீ டெயில் உரிமையாளர், ஒப்புக்காக ஒரு வழக்கை நடத்தவிட்டு, நிலத்தைச் சந்ததியின் பிடியிலிருந்து விடுவித்து விற்றுவிடும் உத்தி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. பிறக்கப்போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து வளைக்கப்பட்ட வாசகம், அவர்களை அறவே ஒதுக்கும் அதிகாரத்தைத் தந்தையின் கையில் கொடுத்தது.

சொல்லாவிட்டால் ஆயுள்தான் என்ற நிலையை இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டம் உயில்களைப் பொறுத்தவரை தலைகீழாக மாற்றியது. இத்தகைய தளர்ந்த சொற்களால் ஃபீ டெயில் உண்டாவதை 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் நிறுத்தியது. 1997 தொடக்கத்திலிருந்து அங்கே எந்தச் சொற்களாலும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது.

கேள்வி: நம் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று எழுதிவருகிறோம். அந்தச் சொற்களால் பேரனுக்குத் தனி உரிமை பிறக்குமா?
(ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், தஞ்சாவூர்)

பதில்: அந்தத் தொடரால் மட்டும் பிறக்காது ஐயா. மகன், பேரன் என்று பெயர் சொன்னாலும், வாங்குபவருக்கு வாரிசுகளுக்கு இறங்கக்கூடிய முழு உரிமை தரப்படுகிறது என்பதே அதன் பொருளாக நீதிமன்றங்களில் கொள்ளப்பட்டுவருகிறது. வாங்கியவர் அதை விற்கலாம். பேரன் தடுக்க முடியாது. வைல்ட் வழக்கில் கண்ட அதே பிரிவினைதான் இது: பெறுபவரைக் காட்டும் சொல் வேறு, உரிமையின் அளவைக் காட்டும் சொல் வேறு.

ஆனால் ஃபீ டெயில் நம் நாட்டு இந்துச் சட்டத்துக்குள் நுழையவில்லை. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவராகிவிட்ட தம் மகனை ஒதுக்கி, ஆண்வழியாக ஒருவர் பின் ஒருவருக்குச் சொத்து செல்லும்படி ஆங்கிலேயப் பாணியில் உயில் எழுதினார். 1872இல், அக்காலத்தில் இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டனின் பிரிவி கவுன்சில், இந்துச் சட்டம் அறியாத புதுவகை வாரிசு வரிசையைத் தனிமனிதர் உண்டாக்க முடியாது என்று கூறி, உயிலின் வரிசையில் முதலில் நின்ற, தாகூரின் சகோதரர் மகன் ஜதீந்திர மோகனின் ஆயுட்கால உரிமையை மட்டும் ஏற்றது. அதன் பிறகு சொத்து யாருக்கு என்றால், ஒதுக்கப்பட்ட அந்த மகனுக்கே.

கேள்வி: ‘என் மகனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும்’ என்று நான் இன்று உயில் எழுதலாமா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: எழுதாதீர்கள், அம்மா. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, ஏறத்தாழ இதே வாசகத்தை உதாரணமாகக் காட்டி, உயிலில் வேறு எண்ணம் தெரிந்தாலன்றிச் சொத்து முழுவதும் முதலில் குறிப்பிடப்பட்டவருக்கே சேரும் என்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காமற்போகலாம். அச்சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் எல்லா மதத்தினரின் உயில்களுக்கும் பொருந்துவதில்லை என்பதால், உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எப்படியாயினும், மகன் ஆயுள் வரை அனுபவிக்கவேண்டும், விற்கக்கூடாது, அதன்பின் இன்னின்ன பேரப்பிள்ளைகளுக்கு இன்னின்ன பங்கு என்று பெயரும் அளவும் குறிப்பிட்டுத் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். இனிப் பிறக்கக்கூடிய பேரப்பிள்ளைகளையும் சேர்க்க நினைத்தால் அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அந்தப் பத்தியை மட்டுமாவது வழக்கறிஞரே எழுதட்டும்.