கேள்வி – பதில்: பீவர் தீவின் சாலையோரச் சமாதி

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எங்களைப் பீவர் தீவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு சாலையின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே, கற்களை அடுக்கிக் கட்டிய சிறிய சமாதி ஒன்றும், அதில் தாடி வைத்த முதியவர் ஒருவரின் முகம் பதித்த வெண்கலத் தகடும் இருந்தன. “எங்கள் தீவின் டாக்டர்” என்றார் வண்டி ஓட்டியவர். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் யார்? ஊர்க் கல்லறைத் தோட்டம் இருக்கும்போது சாலையோரத்தில் ஏன் அடக்கம் செய்தார்கள்? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: அவர் பெயர் ஃபியோடர் ப்ரோட்டார். அன்று ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்த எஸ்தோனியாவிலிருந்து வந்தவர். நாடக நடிகராக இருந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பின் இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்ட் நகரில் செய்தித்தாள் நடத்தியவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1893-இல், அந்த வாழ்க்கையை முழுவதுமாக விட்டுவிட்டுப் பீவர் தீவில் ஒரு மரக்கட்டை வீட்டில் குடியேறினார். டால்ஸ்டாயின் எழுத்திலும் எளிய வாழ்விலும் ஆழ்ந்த பற்றுக்கொண்டிருந்தார். 1925-இல் இறக்கும் வரையிலான 32 ஆண்டுகளும் தீவு மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதற்காக எவரிடமும் காசு வாங்கவில்லை.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அந்தத் தீவின் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிச்சிகன் ஏரியை நம் ஊர் ஏரிகளோடு ஒப்பிட முடியாது. கிட்டத்தட்ட 58,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, நடுவில் நின்றால் கரையே தெரியாத நன்னீர்க் கடல் அது. அதிலுள்ள தீவுகளில் பெரியது பீவர் தீவு. அப்படியிருந்தும் அதன் நீளம் 21 கிலோமீட்டர்தான். மிச்சிகன் மாநிலத்தின் நிலப்பகுதியில் உள்ள ஷார்லவாய் துறைமுகத்துக்கும் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தண்ணீர் கிடக்கிறது. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் படகுகள் நின்றுவிடும். தபால்கூடக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் பனிக்கட்டியின் மேல் வந்த காலம் அது. கட்டி உறுதியாக இறுகாத நாட்களில் படகும் போகாது, வண்டியும் போகாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் குழந்தைக்கு நெஞ்சுச் சளி முற்றி மூச்சு வாங்கினாலோ, கோடரி தவறிக் காலில் பட்டாலோ, தீவுக்குள் இருக்கும் கைகளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து, குறிப்பாக டொனிகால் கரையோரத்து ஆரன்மோர் தீவிலிருந்து வந்த மீனவக் குடும்பத்தினர். ஒரு தீவை விட்டு இன்னொரு தீவில் வந்து ஒதுங்கிய மக்கள் அவர்கள்.

சாலையோரத்தில் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தம் உடலை ஏரியில் இறக்கிவிட வேண்டும் என்பதே ப்ரோட்டாரின் விருப்பமாக இருந்தது. அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே, அவர் வாழ்ந்த வீட்டுக்கு அருகிலேயே, அந்த வீட்டுக்குப் போகும் அதே சாலையின் ஓரத்தில் அடக்கம் செய்து, வயல்களில் கிடைத்த உருண்டைக் கற்களைக் கொண்டு ஊரார் சமாதி எழுப்பினார்கள். ஸ்லாப்டவுன் சாலை என்பது அதன் பெயர். நோயாளியின் வீட்டார் அவரைத் தேடி ஓடிவந்ததும், அவர் நோயாளியைத் தேடி நடந்ததும் அந்தச் சாலையில்தான் என்பதால், அவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தீவில் வேறெங்கும் அமைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அவர் முறையாக மருத்துவம் படித்தவர் அல்ல என்று மருமகன் சொன்னார். படிக்காமல் வைத்தியம் பார்ப்பவரை நம் ஊரில் போலி மருத்துவர் என்று பிடித்துக் கொடுக்கிறோம். அங்கே சமாதி கட்டி வணங்குகிறார்கள். இது சரிதானா?

பதில்: நியாயமான கேள்வி, இதை மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ப்ரோட்டார் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர் என்பது உண்மை. இன்று ஒருவர் அப்படிச் செய்தால் அது குற்றம், குற்றமாகவே இருக்க வேண்டும். தவறான ஊசியாலும், தேவையற்ற ஸ்டீராய்டு மாத்திரையாலும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோயாளியை இரண்டு நாள் தாமதிக்க வைப்பதாலும் எத்தனை பேர் உயிரிழக்கிறார்கள் என்பதை அறிந்தவர் எவரும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் 1893-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற மருத்துவரின் பையில் என்ன இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெனிசிலின் நோயாளிகளுக்குக் கிடைத்தது 1940-களில். இன்சுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1922-இல். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சு அப்போதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வரத் தொடங்கியிருந்தது. வலிக்கு மார்ஃபின், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா, புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்துகளே உண்மையாகப் பயன்பட்டன. அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகளே அன்று தரம் கெட்டுக் கிடந்தன; 1910-இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை 155 கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றில் பல மூடப்பட வேண்டியவை என்று வெளிப்படையாகவே எழுதியது. அந்தக் காலத்தில், புண்ணைக் கழுவிச் சுத்தமாகக் கட்டி, காய்ச்சல்காரருக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க வைத்து, இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவும் நிதானமும் உள்ள ஒருவர் செய்த நன்மை சிறியதல்ல.

நம் ஊர்ப் போலி மருத்துவரிடமிருந்து அவரைப் பிரித்துக்காட்டும் இன்னொன்றும் உண்டு. நோயாளியின் பயத்தைக் காசாக்குவது போலியின் தொழில். ப்ரோட்டார் அதில் ஒரு காசுகூடத் தொடவில்லை. ஆதாயம் இல்லாதவருக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் குறைவு.

நான் அங்கே போனது ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில். மரநிழல் விழுந்து எழுத்துகள் சரியாகத் தெரியாததால், தகட்டில் புடைத்து நின்ற ஆங்கில எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தேன். வெயில் படாத இடத்தில் இருந்ததால் வெண்கலம் கிணற்றுக் கல்லைப் போல் சில்லிட்டிருந்தது. வானம் அனுப்பிவைத்த ஆபத்துக்கால நண்பர் என்று அவரை விளித்து, எங்களை ஒருபோதும் கைவிடாதவர் என்று சொல்லி, அழியாத நன்றியுடனும் வியப்புடனும் பீவர் தீவின் அவருடைய மக்கள் என்று கையொப்பமிட்டு முடிகிறது அந்த வாசகம். மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். டாக்டர் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. வாய்ப்பேச்சில் அவரை டாக்டர் என்றே அழைத்த மக்கள், வெண்கலத்தில் நிரந்தரமாகப் பொறிக்கும்போது அவருக்கு இல்லாத பட்டத்தைச் சூட்டவில்லை. நண்பர் என்று எழுதினார்கள். உங்கள் கேள்விக்கு என்னைவிட நேர்மையான பதிலை அந்தத் தீவு மக்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. அவர்கள் நன்றி சொன்னது மருத்துவ அறிவுக்காக அல்ல, கூப்பிட்டபோது வந்ததற்காக. “அவருடைய மக்கள்” என்ற கையொப்பத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எங்கோ பிறந்து, உறவென்று எவரும் இல்லாமல் கரையேறிய ஒரு மனிதரை, ஒரு தீவு முழுவதும் சேர்ந்து தன் குடும்பத்துப் பெரியவராக எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி: அடுத்த ஆண்டு மறுபடியும் செல்ல இருக்கிறோம். இந்த முறை பொறுமையாகப் பார்க்க ஆசை. எப்படிப் போக வேண்டும்? பூ வைக்கலாமா?

பதில்: ஷார்லவாயிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். குளிர்காலத்தில் படகு கிடையாது. சிறு விமானம் உண்டு. ஆகவே கோடைக்காலமே உங்களுக்கு ஏற்றது. படகு போய் நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் துறைமுகத்திலேயே தீவின் கடைகளும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுச் சமாதிக்குப் போனால் மனத்தில் நன்றாகப் பதியும். ஒரே நாளில் திரும்பும் திட்டம் வேண்டாம். படகு நேரம் உங்களை மறுபடியும் ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிடும்.

சமாதியோடு நின்றுவிடாமல் அதே சாலையில் இருக்கும் அவருடைய வீட்டையும் பாருங்கள். 1972-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. சமாதியிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். வண்டியில் போனால் ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஏரி உறைந்த ஓர் இரவில் லாந்தரோடு ஒருவர் அந்தச் சாலையில் நடந்து வந்திருப்பதைக் கால்தான் உணரும். கொசு அதிகம் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்து செல்லுங்கள்.

பூவைத் தாராளமாக வைக்கலாம். தீவில் பூக்கடையைத் தேடி அலைய வேண்டாம், கோடையில் சாலையோரத்திலேயே காட்டு டெய்சி பூத்திருக்கும். நான் அதில் நான்கைந்து பறித்து, தகட்டுக்குக் கீழே இரண்டு கற்களுக்கு நடுவில் இருந்த இடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.