தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஜப்பானியப் பழம்பீங்கான் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடி பழம்பொருள் கடையில் ஒரு கிண்ணம் வாங்கினேன். அடியில் ஆங்கிலத்தில் ‘நிப்பான்’ என்று இருக்கிறது. இருநூறு வருடப் பழசு என்றார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ‘நிப்பான்’ என்பது ஜப்பானியர் தம் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1891-இல் அமெரிக்கா கட்டாயமாக்கிய பிறகு வந்த முத்திரை அது. 1921-இல் ‘நிப்பான்’ செல்லாது, ‘ஜப்பான்’ என்றே போடுங்கள் என்றார்கள். இடைப்பட்ட அந்த முப்பது வருடத்துச் சரக்காக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். போலி ‘நிப்பான்’ முத்திரைகளும் நிறையவே நடமாடுகின்றன.

கேள்வி: என்னிடம் உள்ள பெரிய நீலப்பூ தட்டின் அடியில் ஆறு சீன எழுத்துகள். மிங் வம்சத்துச் செங்குவா பேரரசர் காலம் என்று படித்துச் சொன்னார்கள். விற்றவரோ இமாரி என்றார். எது சரி?

பதில்: விற்றவர் சொன்னது சரியாக இருக்கலாம். இமாரி என்பது ஜப்பானின் இமாரித் துறைமுகத்தில் கப்பலேறிய அரிட்டா ஊர்ப் பீங்கான். அதில் அந்தச் சீன முத்திரை சர்வசாதாரணம். சீனச் சரக்குக்கு இருந்த மவுசு அப்படி. எழுத்தை விட்டுவிட்டு, அடிவளையத்துக்கு உள்பக்கம் விரலால் தடவுங்கள். குண்டூசித் தலையளவில், சொரசொரவென்று சில வடுக்கள் தட்டுப்படுகின்றனவா? சூளைச் சூட்டில் அகலத் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்கக் குட்டி மண்கூம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். சுட்டபின் அவற்றைத் தட்டி எடுத்த தடம் அது. சீனத் தட்டுகளில் இதைப் பார்ப்பது அரிது. சின்னத் தட்டு என்றால் வடு இல்லாததை வைத்து எதுவும் முடிவு கட்ட வேண்டாம். அதற்கு முட்டே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: வேறொரு தட்டில் பூவேலைக் கோடுகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. குறையா?

பதில்: அச்சு வேலை. கையால் வரையாமல் காகிதத்திலிருந்து ஒற்றி எடுத்தது. மெய்ஜி காலத்தில் (1868–1912) பெருகியது. விலை குறைவு. புதிதாகச் சேர்ப்பவர் இதில் தொடங்குவதே நல்லது என்பேன்.

கேள்வி: ‘ராயல் சத்சுமா’ என்று எழுதிய ஜாடி?

பதில்: தொடவே வேண்டாம். பழைய சத்சுமாவில் (தென் ஜப்பானின் சத்சுமா பகுதிப் பாண்டம்) அப்படி எழுதும் வழக்கமே கிடையாது.

கேள்வி: விரிசல் விட்ட தேநீர்க் கிண்ணத்துக்கு நானே தங்கக் கோடு போட்டு ஒட்டலாமா?

பதில்: கடையில் கிடைக்கும் ‘கின்ட்சுகி’ (தங்கக் கோடு போட்டு ஒட்டும் ஜப்பானிய முறை) பெட்டிகள் பலவற்றில் இருப்பது எபாக்ஸி பசையும் பித்தளைப் பொடியும்தான். அசல் வேலைக்கு உருஷி என்ற மரத்தின் பால் வேண்டும். அது வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சேராங்கொட்டைக் குடும்பத்து மரம் வேறு, பச்சைப்பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மதிப்புள்ள கிண்ணமானால் விரிசலோடு அப்படியே விடுங்கள். பின்னால் வாங்க வருபவர் விரிசலை மன்னிப்பார், எபாக்ஸியை மன்னிக்க மாட்டார்.

கேள்வி: பழைய வண்ணத் தட்டில் ஊறுகாய் வைக்கலாமா?

பதில்: கூடாது. பளபளப்புப் பூச்சின் மேல் தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயம் உண்டு. புளிப்பு அதை இழுத்துவிடும்.